அரிவாள் செம்பான சனிக்கிழமை

எங்கள் முனியாண்டி கோயில் அரிவாள் சிவந்துபோனதற்கு நான்தான் காரணம். இதைத் தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன், கடைசியில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சமன்பாடாக எழுதியும் காட்டினேன். எல்லோரும் நம்பினார்கள். நம்பியதால்தான் வினையே வந்தது.

நான் வேதியியல் படித்தவள். படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வார நாட்களில் சுங்கை ஊடாங் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. குப்பியில் வரும் தண்ணீரைச் சோதித்துக் கணினியில் எண் போட வேண்டும். அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். யாரும் பார்க்காமல் இருந்தால்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், என்றார்கள். ஆகவே என் அறிவு முழுவதும் வார இறுதிகளில், புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு ஹாலில், படிவம் நான்கும் ஐந்தும் படிக்கும் ஒன்பது பிள்ளைகள்மேல் கொட்டப்படுகிறது. அவர்கள் பாவம். நானும் பாவம்தான், ஆனால் எனக்கு உற்சாகம் அதிகம்.

அயனிப் பாடத்தை மற்ற டியூஷன் டீச்சர்கள் கல்யாணத்தை வைத்து நடத்துவார்கள். கொடுக்கிற வீடு சோடியம், வாங்கிக்கொள்கிற வீடு குளோரின். எனக்கு அது பிடிக்காது. நான் பள்ளி வேனை வைத்து நடத்துவேன். அணுவின் வெளிவரிசையில் எட்டு இடம். எட்டும் நிறைந்திருந்தால் வேன் நிம்மதியாகப் போகும். சோடியத்தின் வெளிவரிசையில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒன்றுக்குத் துணையாக இன்னும் ஏழு பேரைத் தேடி அலைவதைவிட அதை இறக்கிவிடுவது சுலபம். இறக்கிவிட்டால் அதற்கு உள்ளே இருக்கும் வரிசை ஏற்கெனவே நிறைந்த வரிசை, கவலை இல்லை. குளோரினுக்கு ஏழு இருக்கிறது, ஒன்று குறைகிறது. வழியில் நிற்கிற பிள்ளையைச் சட்டென்று ஏற்றிக்கொள்ளும். ஒன்றை இழந்தது நேர்மின் அயனி, ஒன்றைப் பெற்றது எதிர்மின் அயனி, இரண்டும் இப்போது நிலையாகிவிட்டன, நோட்டுப் புத்தகத்தை மூடலாம்.

ஒரு பையன் மூடவில்லை. "டீச்சர், எறக்கி விட்ட புள்ள என்னா ஆச்சு?"

"குளோரின் வேன்ல ஏறிருச்சுடா."

"அவங்க அம்மாவுக்கு யாரு மெசேஜ் போடுவா?"

அந்த வேன் கற்பனை வேன் அல்ல. ஆறு வருடம் நான் தமிழ்ப்பள்ளிக்குப் போன வேன். அதை அன்றும் இன்றும் ஓட்டுகிறவர்தான் எங்கள் கோயில் பூசாரி. நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்போம். எங்கள் அம்மாக்கள் அவரை, அவர் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார் என்பதைப் பொறுத்து, வேறு வேறு விதமாக அழைப்பார்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலைமை தலைகீழாக மாறும். அன்று அவர்மேல் முனியாண்டி இறங்குவார். இடுப்பில் சிவப்புத் துணி, வாயில் சுருட்டு, கையில் அரிவாள். பள்ளி நாட்களில் ஐந்து நிமிடத் தாமதத்துக்குத் திட்டும் அதே அம்மாக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, மகனுக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்பார்கள். மற்ற நாட்களில் அவர் சொல்வதைக் கேட்கிறவர்கள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள்தாம். அந்த ஒரு நாளும் போய்விட்டால் அவருக்கு மிஞ்சுவது ஸ்டியரிங் மட்டும்.

போய்விடும் போலத்தான் இருந்தது. அவருக்கு முட்டிவலி. இரண்டு வருடமாக ஆட்டத்தில் வேகம் குறைந்துவிட்டது. கோயில் தலைவர் மஸ்ஜித் தானாவில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். எந்தப் பாகம் தேய்ந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். மாற்றுப் பாகமும் கையிலேயே இருந்தது: அவருடைய மருமகன். தினமும் ஜிம்முக்குப் போகிறவர். சட்டையைக் கழற்றினால் முனியாண்டியே இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். காரணம்தான் கிடைக்கவில்லை. காரணத்தை நான் செய்து கொடுத்தேன்.

கோயில் இருப்பது மஸ்ஜித் தானாவுக்கும் சுங்கை ஊடாங்குக்கும் நடுவில், செம்பனைத் தோட்டத்துக்குள். அங்கே இப்போது யாரும் குடியிருக்கவில்லை. எல்லோரும் டவுன்களில் வீடு வாங்கிவிட்டு, திருவிழாவுக்குக் கார் போட்டுக்கொண்டு வருகிறோம். அரிவாள் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. நல்ல இரும்பு, அதனால் நன்றாகத் துருப்பிடிக்கும். அதற்குச் சட்டங்கள் உண்டு. காப்புக் கட்டி இருபத்தொரு நாள் விரதம் இருக்கும் ஆண்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. இந்த வருடம் மருமகனும் காப்புக் கட்டியிருந்தார். பெண்கள் அதன் நிழலில்கூட நிற்கமாட்டார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் மதியம் பூசாரி அதைப் பீடத்திலிருந்து இறக்கி, சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, மறுபடி ஏற்றுவார்.

பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அறிவியல் பித்தளை. அந்தச் சனிக்கிழமை காலையில் நாங்கள் ஆறு பேர் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு, தூபக்கால், மணி எல்லாம் ஒரு வருடக் கறுப்போடு குவிந்திருந்தன. மற்றவர்கள் தேங்காய் நாரை எடுத்தார்கள். நான் பெரிய பிளாஸ்டிக் பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு கிலோ புளியும் ஒரு பாக்கெட் உப்பும் கரைத்தேன்.

"என்னாடி இது, ரசம் வெக்கப் போறியா?" என்றார் அம்மா.

"தேய்க்க வேணாம்மா. ஊற வெச்சாப் போதும். கறுத்திருக்கே, அது அழுக்கு இல்ல. பித்தளையில உள்ள செம்பு, ரெண்டு எலக்ட்ரான ஆக்சிஜன்கிட்ட குடுத்துட்டு ஒக்காந்திருக்கு. புளியில உள்ள ஆசிட் அத அப்டியே தண்ணிக்குள்ள இழுத்துரும்."

"குடுத்துட்டு ஒக்காந்தா மொகம் கறுக்கத்தான் செய்யும்," என்றார் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த ஓர் அத்தை. "என் நகய வாங்கிட்டுப் போன என் தங்கச்சியப் பாத்து என் வீட்டுக்காரருக்கு அப்டித்தான் கறுத்துச்சு."

சிரித்தார்கள். ஆனால் விளக்குகளைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது சிரிக்கவில்லை. தங்கம் போல வந்தன. ஒரு மணி நேரத்தில் முப்பத்திரண்டு சாமான்களை முடித்தேன். அத்தைகள் என்னைப் பார்த்த பார்வையில், நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முதல்முறையாகக் குடும்பத்துக்குப் பயன்பட்டது என்ற திருப்தி இருந்தது. இந்தத் திருப்திதான் என் தலைக்கு ஏறியது.

பன்னிரண்டு மணி சுமாருக்குப் பூசாரி மாமா அரிவாளை இறக்கி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொட்டகையின் மூலைப் பெஞ்சில் வைத்தார். எலுமிச்சம்பழம் போதாது, மஸ்ஜித் தானா போய் வருகிறேன் என்று வேனை எடுத்தார். பெண்கள் சாப்பிடக் கூடாரத்துக்குப் போனார்கள். நான் கடைசி விளக்கைத் துடைத்துக்கொண்டு தனியாக இருந்தேன். துணி ஒரு பக்கம் விலகியிருந்தது. துரு தெரிந்தது.

துருவைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. துரு என்பது இரும்பு மூன்று எலக்ட்ரான்களை இழந்து உட்கார்ந்திருக்கும் நிலை, அதையும் புளித்தண்ணீர் கரைக்கும். பாவம் மாமா, வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்க்கப் போகிறார். பத்து நிமிட வேலை. பெண்கள் தொடக்கூடாது என்ற சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு முழு உரையே தயாராக இருந்தது. ஆனால் கேட்க ஆள் இல்லாததால் அதைச் சொல்லாமலே அரிவாளை எடுத்தேன். சோப்பு போட்டு, இரும்பு நாரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பேசினில் வைத்துவிட்டு, ஒரு மாணவிக்குப் போனில் வீட்டுப்பாடம் விளக்கப் போனேன்.

திரும்பி வந்து எடுத்தபோது அரிவாள் சிவப்பாக இருந்தது. துருவின் சிவப்பு இல்லை. புதுக் காசு போல, இளஞ்சிவப்பாக, பளபளவென்று, முனையிலிருந்து பிடிவரைக்கும் ஒரே சீராக.

ஒரு வினாடி எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த வினாடி புரிந்தது. முப்பத்திரண்டு பித்தளைச் சாமான்களின் செம்பு அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான் குறைந்த செம்பு அயனி. புளியின் நிறம் மட்டும் மறைக்காமல் இருந்திருந்தால் பச்சை நீலம் தெரிந்திருக்கும், நான் கைவைத்திருக்கமாட்டேன். அதற்குள் இரும்பை இறக்கினேன். இரும்பு கொடுக்கத் தயங்காத ஜாதி. செம்பைவிட அதற்கு எலக்ட்ரான்மேல் பிடிப்புக் குறைவு. இரும்பு அணு இரண்டைக் கொடுத்துவிட்டு அயனியாகித் தண்ணீருக்குள் போய்விட்டது. வாங்கிக்கொண்ட செம்பு மறுபடி உலோகமாகி அது இருந்த இடத்தில் படிந்துவிட்டது. படிவம் ஐந்து, இடப்பெயர்ச்சி வினை. வெண்பலகையில் நான் இருபது தடவையாவது எழுதிய சமன்பாடு. தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண்.

தேய்க்கலாம் என்று நாரை எடுத்தேன். பேச்சுக்குரல் நெருங்கியது. அரிவாளைத் துணியில் சுற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஒரு தாம்பாளத்தை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்ததை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தேன். அறிவியல் படித்தவளின் வீரம் இவ்வளவுதான்.

வந்தவர்கள் தலைவரும் பூசாரி மாமாவும். பின்னால் மருமகன், கையில் எலுமிச்சம்பழப் பை. மாமா துணியைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது.

"என்னா இது," என்றார் தலைவர். சாப்பிட்ட கையோடு பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "ரத்தம் மாரி இருக்கு," என்றது ஒரு குரல். கோப்பி அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் கூடாரம்வரை கேட்டது. "பூசாரி, வெரதம் ஒழுங்கா இருந்தீங்களா?"

நான் எதிர்பார்த்தது, மாமா கோபப்படுவார் என்று. அவர் அரிவாளைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. கூட்டம் அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டது.

"அஞ்சு மணிக்கு மீட்டிங்," என்றார் தலைவர். "நாளைக்கு அரிவாள் யாரு எடுக்கறதுன்னு பேசிருவோம்." மருமகன் எலுமிச்சம்பழப் பையை இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைச் செம்பனை மரத்தடிக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டார். எலக்ட்ரான் வந்த இடத்தில் மட்டும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீ தொட்டியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"தொட்டேன்."

"அப்ப வாய மூடு. பொம்பள தொட்டுட்டான்னு தெரிஞ்சா திருவிழாவே நிக்கும். நாப்பது கிலோ அரிசி ஊறிட்டு இருக்கு."

"அப்ப மாமா?"

அம்மா கூடாரப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அதான் எனக்கும் தெரியல," என்றார்.

மாமா வேனில் இருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் சீட்டில், முட்டியை நீட்டியபடி. நான் எதிர் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியது அப்போதுதான். அவர் கவனமாகக் கேட்டார். என் மாணவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இரும்பு ஏன்மா குடுக்குது?"

"அதுக்குக் குடுக்கறது ஈசி மாமா."

"செம்பு?"

"அது ஏற்கனவே எழந்துட்டு நிக்குது. கெடச்சா புடிச்சிக்கும்."

"அப்ப யாரும் தப்புப் பண்ணல."

"பண்ணுனது நான்தான் மாமா. அஞ்சு மணிக்கு நானே சொல்லிர்றேன். நீங்க வெரதத்துல சுத்தமா இருந்தீங்கன்னு..."

"இல்லம்மா," என்றார்.

வெளியே பார்த்தார். கூடாரக்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து வெள்ளிக்கெழம ராத்திரி, மஸ்ஜித் தானா பசார் மாலாம் சந்த. கற்பூரம் வாங்கப் போனேன். சாத்தே சுட்டுட்டு இருந்தான். நாந்தான் வாங்குனேன், யாரும் குடுக்கல. ரெண்டு குச்சி. கோழிதான். பதினெட்டு நாள் இருந்துட்டு, பத்தொம்பதாவது நாளு."

நான் பத்திரிகையை மறுபடி அவர் முன்னால் நீட்டினேன். "ரெண்டு குச்சிக்கும் அரிவாளுக்கும் சம்பந்தம் இல்ல மாமா. நீங்க சாப்டலன்னாலும் செவந்திருக்கும்."

"நான் சாப்டதுனாலதான ஒன் கை அங்க போச்சு? இத்தன வருசமா எந்தப் பொம்பளக்கும் தொடணும்னு தோணல. நேத்து நான் தின்னேன். இன்னிக்கு ஒனக்குத் தோணுது." அவர் பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்தார். "நீ சொல்றது சரிதான் மா. ஆனா அது எப்டி நடந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது."

நான் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வறிக்கையைக் தேர்வுக்குழு முன்னால் நின்று வாதாடி நிறுவியவள். அங்கே இவ்வளவு கஷ்டமான கேள்வி வரவில்லை.

ஐந்து மணிக்குக் கூடாரத்தில் நாற்பது பேர். நான் எழுந்து, அரிவாளைத் தண்ணீரில் போட்டது நான், என்றேன். சலசலப்பு. பேசினைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள் என்று, சமையலிடத்திலிருந்து ஒரு பெரிய கரண்டியை எடுத்து உள்ளே நட்டேன். ஐந்து நிமிடம். எடுத்தேன். கரண்டி கரண்டியாகவே இருந்தது.

"மாறலயே லா," என்றார் தலைவர்.

எவர்சில்வர் கரண்டி. குரோமியம் கலந்த எஃகு, மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல், அதைத் தாண்டி எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் நடக்காது. இது எனக்குத் தெரியும். பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிட்டேன். நான் இதை விளக்கத் தொடங்குவதற்குள், அரிவாளை மட்டும் மாற்றி, கரண்டியை மாற்றாமல் விட்ட முனியாண்டியின் துல்லியத்தைப் பற்றிக் கோப்பி அத்தை பேச ஆரம்பித்துவிட்டார்.

கூடாரக்காரரிடம் மூன்று அங்குல ஆணி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சாதாரணக் கறுப்பு ஆணி. தேய்த்து உள்ளே போட்டேன். எடுத்தபோது ஆணி பாதி தூரம் செக்கச்செவேலென்று இருந்தது. கை மாறிக் கை மாறிப் போனது. பிள்ளைகள் கூடாரக்காரரிடம் வரிசையாக ஆணி கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் மோட்டார் சைக்கிள் சாவியோடு வந்தார்.

"சரி," என்றார் தலைவர். ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்காரர், உலோகம் தெரிந்தவர். "சைன்ஸ்தான். ஒத்துக்கறோம். படிச்ச புள்ள, தெரியாமத் தொட்டுட்டா. மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டா சரியாப் போச்சு." நான் மூச்சு விட்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை. "ஆனா அரிவாளு யாரு காவல்ல இருந்துச்சு?"

ஆணியை மேசையில் வைத்தார்.

"எறக்கிட்டா கண்ண எடுக்கக்கூடாது. தொறந்து போட்டுட்டு வேன எடுத்துட்டுப் போனது யாரு?"

சாமி கோபம் என்றிருந்தவரைக்கும் பாதிப்பேர் பூசாரியின் பக்கம் நின்றிருப்பார்கள். சாமிக் குற்றத்துக்குப் பரிகாரம் உண்டு, பழம் வைத்துப் பூப் போட்டுப் பார்க்கலாம். நான் அதைத் துடைத்து, சுத்தமான அலட்சியமாக மாற்றி, நிரூபித்தும் கொடுத்துவிட்டேன். அலட்சியத்துக்கு எந்தப் பூசையும் இல்லை. நாளை மருமகன் அரிவாள் எடுப்பார் என்று முடிவானது. மாமா எழுந்து, சரி என்று தலையாட்டினார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டியிருக்கவே வேண்டாம்.

மருமகன் சாம்பல் போட்டுத் தேய்த்தார். செம்பு மெல்லிய படலம்தான், துணியில் எளிதாக வந்துவிட்டது. "ஈசிதான் லா," என்றார் என்னைப் பார்த்து, நட்பாக. கெட்டவர் இல்லை. பயந்திருந்தார்.

ஞாயிறு பதினோரு மணி. உறுமி மேளம் தொடங்கியது. மருமகன் நடுவில் நின்றார், சந்தனம் பூசிய மார்பு, கையில் அரிவாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. மேளக்காரர்கள் பாட்டை மாற்றினார்கள். மருமகன் கண்ணை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். ஒருமுறை தோளை உலுக்கினார். உலுக்கியது அவருக்கே கூச்சமாகிவிட்டது, நிறுத்திக்கொண்டார். தலைவர் மேளக்காரரின் காதருகே போய், "கொஞ்சம் வேகமா," என்றார். மேளக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். வரிசையில் நின்றவர்களின் கையில் எலுமிச்சம்பழங்கள் சூடாகிக்கொண்டிருந்தன.

மாமா தண்ணீர்ப் பெட்டி இருந்த ஓரத்தில், சாதாரணச் சட்டையில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முதலில் பார்த்தது நான்தான். தூணைப் பிடித்த கை நடுங்கியது. அதைத் தடுக்க அவர் இன்னொரு கையால் அழுத்தினார். உண்மையாகவே தடுக்கப் பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. கூட்டம் வழிவிட்டது. முட்டிவலிக்காரர் நடந்த நடையில் முட்டிவலி இல்லை.

மருமகன் அரிவாளை இரண்டு கையாலும் நீட்டினார். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்த பிறகு அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படம்போட்டுப் பார்த்ததில்லை.

சுருட்டைப் பற்ற வைத்தார்கள். புகைக்குள்ளிருந்து குரல் வந்தது, மாமாவின் குரலைவிடக் கனமாக.

"எம் பூசாரி வெள்ளிக்கெழம ரெண்டு குச்சி சாத்தே தின்னான். எனக்குத் தெரியும். கோழி. அவன நான் பாத்துக்கறேன். நீங்க யாரும் கேக்காதீங்க."

மேளம் நின்றுவிட்டது. அம்மா என் முழங்கையைப் பிடித்தார். அரிவாள் மருமகன் பக்கம் திரும்பியது.

"இவன் வெரதத்துல தெனம் ஆறு முட்ட தின்னான். மஞ்சக்கருவ எடுத்துட்டா எனக்குத் தெரியாதா."

மருமகன் தலைகுனிந்தார். கூட்டத்தில் ஓர் அதிசயப் பெருமூச்சு. நான் மட்டும் பெருமூச்சு விடவில்லை. பள்ளி வேன் காலை ஆறேகாலுக்கு மருமகன் போகும் ஜிம்முக்கு எதிரே, ஜிம் ஆட்கள் முட்டை தின்னும் கடையில்தான் நிற்கும், எனக்கு அது ஆறு வருடப் பழக்கம். முட்டைக்கு விளக்கம் இருக்கிறது. சாத்தேக்குத்தான் இல்லை. அதை இந்த உலகத்தில் அறிந்தவர்கள் மாமாவும் நானும். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை இத்தனை பேர் முன்னால் போட்டு உடைக்க ஒரு மனிதனுக்கு என்ன தேவை?

தலைவர் எலுமிச்சம்பழத்தோடு முன்னால் வந்து கைகூப்பினார். "சாமி, அடுத்த வருசம் அரிவாளு..."

"கேக்காதேன்னேன்."

தலைவர் பின்னால் நகர்ந்தார். வரிசை முன்னால் நகர்ந்தது. மெட்ரிகுலேஷன் கேள்விகள் தொடங்கின.

மூன்று மணிக்குச் சாமி மலையேறியது. நான் ஒரு தட்டில் சோறும் கிளாஸில் ஐஸ் போட்ட சிராப் பானமும் எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். மாமா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய முட்டிதான், வீங்கியிருந்தது. சிராப்பை ஒரே மூச்சில் குடித்தார்.

"என்னாம்மா, எல்லாரும் என்னைய ஒரு மாரி பாக்கறாங்க."

"நீங்க சொன்னதுனால மாமா."

"என்னா சொன்னேன்?"

முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பைத் தேடினேன், எனக்கு வெட்கமில்லை. கிடைக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ரெண்டு குச்சி என்றபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தைலப் புட்டியின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார்.

"பாத்துக்கறேன்னா சொன்னாரு?"

"ஆமா மாமா."

"எப்டிப் பாத்துக்குவாருன்னு சொல்லலியா?"

"இல்ல," என்றேன்.

அவர் சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அதில் கோழிக் குழம்பு ஊற்றியிருந்தேன். திருவிழா முடிந்துவிட்டது, விரதமும் முடிந்துவிட்டது, சாப்பிடலாம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தயிர் இருக்குமா என்று கேட்டார். நான் எடுத்துவரப் போனேன்.